பிரேக் இல்லாத கப்பல்

என் அத்தான் இறந்தபோது செய்தித்தாளின் உள்பக்க மூலையில் நான்கு வரி வந்தது. அறிவியல் நாவல்கள் எழுதியவர், அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவி இருக்கிறார், குழந்தைகள் இல்லை என்று போட்டிருந்தார்கள். கடைசி இரண்டு வார்த்தையைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். எடுத்தவர் நல்ல மனிதர்தான். "சார், திருத்தம் போட்டுரலாம். குழந்தை என்ன பண்றாங்க, இப்ப எங்க இருக்காங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். போனை வைத்துவிட்டேன்.

போனில் சொல்ல முடியாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன். ஃப்ரிட்ஜும் ஏசியும் பழுது பார்க்கிறவனுக்கு எழுத்து எதற்கு என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அத்தானுக்கும் என் அக்காவுக்கும் நடுவில் தபால்காரன் மாதிரி அலைந்தவன் நான்தான். வேறு யாருக்கும் இது தெரியாது.

அத்தான் வேலை பார்த்தது எடைக்கற்களுக்கு முத்திரை வைக்கும் அலுவலகத்தில். கடைக்காரர்கள் தராசையும் கற்களையும் சாக்கில் கட்டித் தூக்கி வருவார்கள். அத்தானின் மேஜையில் ஒரு மரப்பெட்டி இருக்கும். உள்ளே வெல்வெட் துணியில் பதித்த பித்தளை மாதிரிக் கற்கள். அவற்றைக் கையால் தொடக் கூடாது. வியர்வை ஒட்டினால் எடை மாறிவிடுமாம். இடுக்கியால் எடுத்துத் தட்டில் வைத்து, முள் ஆடி நிற்கும்வரை மூச்சைக்கூட மெதுவாக விடுவார். கல் ஒரு குன்றிமணி குறைந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். "சார், கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க" என்று கடைக்காரர்கள் குழைவார்கள். "பாத்துத்தான் சொல்றேன், குறையுது" என்பார். அந்த மனிதரிடம் அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

இப்படிப்பட்டவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கை கால் கழுவி, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ராக்கெட் விடுவார். கல்யாணமான புதிதில் அவருடைய முதல் கதை வெளியானது. நிலாவுக்குப் போய் அங்கே நின்றுபோன ஒரு கடிகாரத்தைச் சரிசெய்யும் ஆளைப் பற்றிய கதை. என் அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து முழுவதும் படித்துவிட்டு, "மாப்பிள்ளை, இவ்வளவு தூரம் போயி அந்தாளு கடிகாரத்தையா ரிப்பேர் பண்ணான்? அதை இங்க கொண்டுவந்தே பண்ணியிருக்கலாமே" என்றார். அத்தான் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. கொண்டுவருவதற்கு ஆகும் எரிபொருளை ஒரு தாளில் போட்டு அப்பாவிடம் காட்டினார். அன்றிலிருந்து அப்பா அவருடைய கதைகளைப் பற்றி வாயே திறக்கவில்லை.

தெருவில் அவருக்கு ராக்கெட்டுக்காரர் என்று பெயர். மாத இதழ் ஒன்று அவர் கதைகளைப் பிடித்துக்கொண்டது. மட்டமான சாணித்தாள், அடிக்கிற சிவப்பில் மேலட்டை, பேருந்து நிலையக் கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கும். அவர் எழுதியவை பிறகு புத்தகமாகவும் வந்தன. பெரிய எழுத்தாளர்கள் கூடும் இடங்களில் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. ஒருமுறை நூலகத்தில் வாசகர் சந்திப்பு வைத்தார்கள். வந்தவர்கள் நாலு பேர். அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். அத்தான் அந்த நாலு பேருக்கும் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வந்து, மழைக்கு ஒதுங்கியவர்தான் நல்ல கேள்வி கேட்டதாகச் சொன்னார்.

அவருக்கும் அக்காவுக்கும் ஒரு பெண் பிறந்தாள். பெயர் ஒன்று வைத்தார்கள். ஆனால் எல்லோருக்கும் அவள் வாலு. எதன்மேலாவது ஏறுவாள், அங்கிருந்து குதிப்பாள். நாற்காலி, கட்டில், என் தோள், அத்தானின் எழுத்து மேஜை. குதிப்பதற்கு முன்னால் "புடி" என்று சொல்வாள், ஆனால் நாம் பிடிக்கும்வரை காத்திருக்கமாட்டாள். நாலு வயதில் காய்ச்சல் வந்தது. மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரமே போய்விட்டாள்.

அக்கா அழவில்லை. அத்தானும் அழவில்லை. ஊரே அழுதது, நான் விழுந்து புரண்டு அழுதேன், அவர்கள் இருவரும் மட்டும் யாருக்கோ நடந்ததைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள். அத்தான் சீக்கிரமே அலுவலகத்துக்குப் போக ஆரம்பித்தார். வீட்டில் அவள் பேச்சே எடுக்க மாட்டார்கள். அவளுடைய செருப்பு வாசலில் பல மாதம் கிடந்தது. இருவரும் அதைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

ஒரு வருடம் போல அத்தான் எழுதவில்லை. பிறகு ஒரு தொடர்கதை ஆரம்பித்தார். ஒரு கப்பல் பூமியை விட்டுக் கிளம்புகிறது. எங்கோ தூரத்தில் இருக்கிற ஒரு கிரகத்துக்குப் போகிறது. போய்ச் சேர இருபது வருடம் ஆகும். அதில் பத்துப் பன்னிரண்டு பேர். அவர்களில் ஒருவர் கப்பலின் பொறியாளர். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நாலு வயதுப் பெண் ஒருத்தி ஏறுகிறாள். கப்பலில் எல்லோரும் அவளை வாலு என்று கூப்பிடுகிறார்கள்.

அக்கா அந்த முதல் அத்தியாயத்தை அடுப்படி வாசலில் நின்றபடி படித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு அத்தானிடம் போய், "அவளோட அம்மா எங்கங்க?" என்று கேட்டாள்.

"யாரோட அம்மா?"

"அந்தப் புள்ளையோட அம்மா. ஏத்தலையா?"

அத்தான் அச்சுப் பக்கத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். ஏதாவது ஒரு காரணம் சொல்லியிருக்கலாம். எழுத்தாளர்தானே, ஒன்றைக் கட்டிவிடத் தெரியாதா? ஆனால் அவர், "எனக்குத் தோணவே இல்ல" என்றார்.

அடுத்த வாரம் அக்கா ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை, பிரிவு என்று யாரும் சொல்லவில்லை. கண்ணாடிக் கடையில் லென்ஸ் விளிம்பு தேய்க்கும் வேலைக்குச் சேர்ந்தாள். கண்ணாடிச் சட்டத்துக்குள் லென்ஸ் உட்காரும்வரை தேய்த்துத் தேய்த்துப் பார்க்கும் வேலை. அத்தான் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, சாவி வெட்டும் கடைக்கு மேலே இரண்டு அறைக்குக் குடிபோனார். சுவரைப் பார்த்த மேஜை, ஒரு தட்டு, ஒரு தம்ளர். நான் போனால் உட்கார உள்ளேயிருந்து ஒரு முக்காலி வரும். எனக்கு இருவர் மீதும் ஆதங்கம்தான். அவர்களிடம் கேட்டால் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள்.

அந்த இதழை நான்தான் கடையில் வாங்கி வருவேன். அக்கா கேட்கமாட்டாள். நான் சாப்பிடும்போது அதை மேஜையில் மறந்து வைப்பதுபோல வைப்பேன். அவள் எதேச்சையாக எடுப்பதுபோல எடுப்பாள். பல மாதம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டு, "அவர்கிட்டச் சொல்லு. அஞ்சு வயசுப் புள்ள இப்படி நீட்டி முழக்கிப் பேசாது" என்றாள்.

"நீயே போய்ச் சொல்லேன்."

"நீ சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொன்னேன். அத்தான் தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த இதழில் வாலு வெடுக்கென்று பேசினாள். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேறு எதையோ சொன்னாள். அக்கா அதைப் படித்துவிட்டு, "இதான் அவ" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. இங்கே ஒரு மாதம் போனால் கதையிலும் ஒரு மாதம்தான் நகரும் என்பது அத்தான் வைத்த சட்டம். போகிற வழி அவ்வளவு தூரம் என்றால் அவ்வளவு நேரம் ஆகத்தான் வேண்டும் என்பார். அதனால் வாலு கப்பலில் நிஜக் குழந்தை வளர்கிற வேகத்தில் வளர்ந்தாள். அக்கா என் மூலம் சொல்லி அனுப்புவாள். "முடியை யாரு வெட்டி விடுறது? கோணலா இருக்கும். கப்பல்ல இருக்கிற டாக்டரம்மாவை வெட்டச் சொல்லு." அத்தான் என் மூலம் கேட்டு அனுப்புவார். "மச்சான், உங்க அக்காவைக் கேளு, எந்தப் பல்லு முதல்ல விழும்?" ஒருமுறை எனக்குப் பொறுமை போய்விட்டது. "ரெண்டு பேரு வாய்க்கும் பூட்டா போட்டிருக்கு? கீழேயே சாவி வெட்டுறவர் இருக்காரு, ஒண்ணு வாங்கித் தரட்டுமா?" என்று கத்தினேன். அத்தான் பேனாவைத் திறந்துகொண்டு, "மேல்பல்லா கீழ்ப்பல்லா?" என்றார்.

வாலுவுக்குப் பதின்மூன்று வயதானபோது அக்கா, "இன்னும் அப்பாகூட ஒரே அறையில படுத்திருக்கா. தனி அறை குடுக்கச் சொல்லு. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வேணும்" என்றாள். அத்தான் கப்பலின் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு சாமான் அறையைக் காலி செய்ய மூன்று அத்தியாயம் பட்ட பாடு எனக்குத் தெரியும். வாசகர்கள் கடுப்பானார்கள். வேற்றுக்கிரகவாசி எப்போது வருவான் என்று ஒருவர் கார்டு போட்டார்.

சாவிக் கடைக்காரர் ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பா நினைக்காதீங்க. மேல ஒரு பொண்ணு வந்துபோகுது போல. பேச்சுச் சத்தம் கேக்குது. ஆனா படி ஏறி யாரும் போய் நான் பாத்ததில்ல" என்றார். மாடிக்கு ஓடினேன். அத்தான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வாலுவின் வசனங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குரலில் சொல்வார், பிறகு தன் குரலில் பதில் சொல்வார், மறுபடி அவள் குரலில் எதிர்த்துப் பேசுவார். நான் கதவருகே நிற்பதைக் கவனிக்கவில்லை. நான் சத்தமில்லாமல் இறங்கி வந்து, ரேடியோ நாடகம் என்று சாவிக் கடைக்காரரிடம் சொன்னேன். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு மனசே சரியில்லை.

அவர் எழுதியதிலேயே சிறந்தது, என்னைக் கேட்டால், வாலுவுக்கு ஆறு வயதில் வந்த ஓர் அத்தியாயம். கப்பல் முழு வேகம் பிடித்துவிட்டது. எரிபொருள் தொட்டி காலி. பொறியாளர் உள்ளே இறங்கிக் கழுவி, காற்றடைத்து, விளக்குப் போட்டு, மகளுக்கு விளையாடக் கொடுத்துவிடுகிறார். அவ்வளவு பெரிய உருண்டையான தொட்டி. எடையே இல்லாத இடம். வாலு ஒரு சுவரில் காலை உந்திக் குதித்தால் எதிர்ச்சுவர் வரை பறந்து போவாள். "புடி" என்று கத்திக்கொண்டே அவள் குதிக்க, அப்பா நடுவில் மிதந்து பிடிப்பார். அந்த மாதம் வாசகர் கார்டுகள் குவிந்தன. அக்கா மட்டும் எதுவும் சொல்லி அனுப்பவில்லை.

வருடங்கள் ஓடின. வாலுவுக்குப் பதினாறோ பதினேழோ இருக்கும். ஒரு ஞாயிறு நான் போனபோது அத்தான் தரை முழுக்கத் தாளைப் பரப்பி, நடுவில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யவில்லை.

"உக்காரு மச்சான். கப்பல் நிக்காது" என்றார்.

"எந்தக் கப்பல்?"

"நம்ம கப்பல்தான்."

எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். விண்வெளியில் எதுவும் தானாக நிற்காது. எவ்வளவு எரிபொருளை எரித்து வேகம் பிடித்தோமோ அதே அளவுக்கு எதிர்ப்பக்கம் தள்ளினால்தான் நிற்கும். கிளம்புவதற்குக் கணக்குப் போட்டிருந்தார். நிற்பதற்குப் போடவில்லை. எழுத ஆரம்பித்த நாட்களில் போய்ச் சேர்வதைப் பற்றியே நினைக்கவில்லை, அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் போதும் என்றிருந்தது என்றார். எரிபொருள் தீர்ந்தது. தொட்டியை வாலுவுக்கு விளையாடக் கொடுத்தாயிற்று. இருபதாவது வருடம் அந்தக் கிரகம் ஜன்னலில் வரும், எக்ஸ்பிரஸ் ரயில் சின்ன ஸ்டேஷனைத் தாண்டுகிற மாதிரி கப்பல் அதைத் தாண்டிப் போய்விடும். அதற்கப்புறம் இருட்டுதான்.

"இன்னொரு தொட்டி இருந்துச்சுன்னு எழுதிருங்க. யாரு கேக்கப் போறா?"

"இல்லாத எடையை இருக்குன்னு போடச் சொல்றியா?"

"அத்தான், முழுசும் பொய்தானே."

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் வரவில்லை. தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே சொன்னார். "இல்ல மச்சான். அவ இருக்கான்றது ஒண்ணுதான் பொய். மத்ததெல்லாம் சரியா இருந்தாத்தான் அந்த ஒண்ணு நிக்கும்."

நான் முக்காலியில் உட்கார்ந்து என் கை நகத்தைப் பார்த்தேன். அவரே, "தொட்டி விஷயம் அச்சில வந்து பத்து வருஷம் ஆச்சு. ஒருத்தர்கூடக் கண்டுபிடிச்சு எழுதல. யாராவது உண்மையிலயே படிக்கிறாங்களா?" என்று கேட்டார். அக்காதான் வரி விடாமல் படிக்கிறாளே, அவளைக் கேட்கட்டுமா என்று வாய் வரை வந்தது. ஆனால் இதை அக்காவிடம் சொல்லக் கூடாது என்று அவர் அதற்குள் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். வாலு அங்கே வளர்ந்துகொண்டிருக்கிறாள், இறங்கப் போகிறாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறவளிடம் நான் எந்த முகத்தோடு சொல்வேன்?

அதிலிருந்து அவர் ஒவ்வொரு மாதமும் எழுதிக்கொண்டும் இருந்தார், வழி தேடிக்கொண்டும் இருந்தார். ஓய்வு பெற்றார். மாதிரிக் கற்களின் பெட்டியை அடுத்த ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வந்து, கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது என்றார். தெருவில் யாருடனும் பேச்சு கிடையாது. வாரம் முழுக்க அவர் வாயைத் திறந்தால் அது வாலுவுக்காகவும் பொறியாளருக்காகவும்தான்.

கப்பல் கிரகத்தை நெருங்குகிற வருடம் வந்தது. இதழின் பழைய முதலாளி போய், அவர் மகள் பொறுப்பேற்றிருந்தார். கெட்டிக்காரப் பெண். அத்தானைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "சார், இதழை நிறுத்தப் போறோம். நீங்க தரையிறக்கத்தோட முடிச்சுக் குடுத்துருங்க, கடைசி இதழ் அதுதான்" என்றார். மேலட்டைகூடத் தயாராகிவிட்டது. ஊதா மலைகளுக்கு நடுவில் கப்பல் நின்றுகொண்டிருக்கிறது. வாசலில் எல்லோரும் கை அசைக்கிறார்கள். அத்தான் அந்தப் படத்தை என்னிடம் காட்டிவிட்டு மேஜையில் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

ஆனால் அதற்குள் அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். கப்பலை நிறுத்த முடியாது. ஆனால் அதில் ஒரு சின்னப் படகு இருக்கிறது. வெளிப்புறம் பழுது பார்க்கப் போகிற படகு. கப்பலைத் திசை திருப்புவதற்கென்று வைத்திருந்த எரிபொருளைச் சொட்டு விடாமல் வடித்து அதில் ஊற்றி, படகிலிருந்து இருக்கை வரை கழற்றி எறிந்தால், அந்தப் படகை மட்டும் நிறுத்தலாம். வாலுவும், கப்பலிலேயே பிறந்த நாலு இளசுகளும் ஏறலாம். அதற்கு மேல் ஒரு ஆள் ஏறினாலும் நிற்காது.

"அப்ப அவ அப்பா?"

"கப்பல்ல. பெரியவங்க எல்லாருமே கப்பல்லதான்."

"அவ பிழைச்சா சரி. எழுதிக் குடுத்துருங்க, அத்தான்."

"எழுதிட்டுத்தான் இருக்கேன். அவ ஏற மாட்டேங்குறா."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாகச் சொல்லவில்லை. "அப்பாவை விட்டுட்டுப் போகமாட்டேன்னு உக்காந்துட்டா. நானும் எப்படி எப்படியோ எழுதிப் பாத்துட்டேன். படகு வரைக்கும் வர்றா, அப்புறம் திரும்பிடுறா."

"நீங்கதானே எழுதுறீங்க? தூக்கி உள்ள போடுங்க."

"அவளை நான் மட்டுமா எழுதினேன்?" என்றார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "உங்க அக்கா வீட்ல இருப்பாளா?" என்று கேட்டார்.

அத்தனை வருடத்தில் அவர் என் வீட்டுப் படி ஏறியது அன்றைக்குத்தான். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். விருந்தாளியைச் சொல்வதுபோல "வாங்க" என்றாள். இருவருக்கும் தலை நரைத்திருந்தது. அதை ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தான் உட்கார்ந்ததும் சுற்றி வளைக்கவில்லை. "ஒரு தப்பு பண்ணிட்டேன். கப்பல் நிக்காது" என்று ஆரம்பித்தார்.

"தெரியும்" என்றாள் அக்கா.

நான் சொல்லவில்லை என்று அவசரமாகச் சொன்னேன். அக்கா என் பக்கமே திரும்பவில்லை.

"தொட்டியை விளையாடக் குடுத்தீங்களே, அன்னிக்கே நினைச்சேன், திரும்ப எதை வச்சு நிறுத்துவாருன்னு. அப்புறம் ஒவ்வொரு மாசமும் பாத்தேன். நீங்க ஒண்ணும் எழுதல."

"ஏன் சொல்லி அனுப்பல? முடி வெட்டுறதுக்கெல்லாம் சொன்னியே."

"சொன்னா உடனே தொட்டியைப் புடுங்கியிருப்பீங்க. அவ சந்தோஷமாக் குதிச்சிட்டு இருந்தா. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அத்தான் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர் தேடிய ஒரே ஒரு வாசகர் நாலு தெரு தள்ளி இருந்திருக்கிறார். அதற்கு அவர் சந்தோஷப்பட்டாரா துக்கப்பட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. படகைப் பற்றிச் சொன்னார். வாலு ஏற மறுப்பதைச் சொன்னார்.

"நான் சொன்னாக் கேப்பா" என்றாள் அக்கா.

"நீதான் அங்க இல்லையே."

"ஆமா. நீங்கதான் ஏத்தலையே."

நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். அத்தான் தரையைப் பார்த்தபடி, "தோணாம போச்சு. அதுக்கு இன்னைக்கு வரைக்கும் எனக்கு மன்னிப்புக் கேக்கத் தெரியல" என்றார்.

"இப்ப அது எதுக்கு. இங்கேருந்து பேசினா அவளுக்குக் கேக்குமா?"

"கேக்கும். ஆனா அவ்வளவு தூரம் போய்ச்சேர வருஷக்கணக்கா ஆகும். நீ இன்னைக்குப் பேசினா அவ தாண்டிப் போயிருப்பா. ரொம்ப வருஷம் முன்னாடியே பேசியிருந்தாத்தான் உண்டு."

"அப்பவே தெரியும்னுதானே சொல்றேன். அப்பவே பேசிட்டேன்னு வச்சுக்குங்க."

அத்தான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். உதடு அசைந்தது, வருடங்களைக் கூட்டிக் கழிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. "சரியா வருது" என்றார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

அக்கா துணியை ஒதுக்கிவிட்டு நேராக உட்கார்ந்து சொன்னாள், அவர் எழுதினார். "வாலு, அம்மா பேசுறேன். இது வந்து சேர்றப்ப நீ என்னைவிட உயரமா இருப்ப. அப்பா உன்னைக் கூட்டிட்டுப் போனப்ப என்னைக் கேக்கல. உன்னையும் கேக்கல. அதனால அவருக்காக நீ அங்கயே இருக்கணும்னு ஒண்ணும் இல்ல. படகு வந்தா ஏறிரு."

"படகைப் பத்தி அப்ப உனக்குத் தெரியாது" என்றார் அத்தான், எழுதுவதை நிறுத்தி.

எனக்கு அவரை அடிக்கலாம் போலிருந்தது. அக்கா கோபப்படவில்லை. "சரி, இறங்க ஒரு வழி கிடைச்சா இறங்கிருன்னு போடுங்க" என்று திருத்தினாள். பிறகு தொடர்ந்தாள். "திரும்பித் திரும்பிப் பாக்காத. அப்பா கஷ்டப்படுவாரு. கஷ்டப்படட்டும், அது எங்க ரெண்டு பேரு பாடு. உன்னைப் புடிக்க அங்க யாரும் இருக்கமாட்டாங்க, அதனால பாத்துக் குதி. போனதும் முதல்ல ஏதாவது சாப்பிடு." ஒதுக்கிவைத்த துணியை மறுபடி இழுத்துக்கொண்டாள். "போதும்" என்றாள்.

கடைசி இதழ் வந்தது. மேலட்டையில் அந்த ஊதா மலையையும் நின்ற கப்பலையும் அப்படியே போட்டிருந்தார்கள். உள்ளே இருப்பதை யாரும் படித்துப் பார்க்கவில்லை போல. உள்ளே அக்காவின் பேச்சு ஒரு எழுத்து மாறாமல் இருந்தது. வாலு அதை இரண்டு தடவை கேட்கிறாள். படகில் ஏறுகிறாள். படகு நிற்கிறது. அவள் இறங்கி நடந்து போவதைப் பொறியாளர் பார்க்க முடியாது; கப்பல் அதற்குள் வெகுதூரம் போய்விட்டது. கொஞ்ச காலம் அவள் குரல் மட்டும் வருகிறது. அவளுக்கு அங்கே நிறைய வேலை இருப்பதால் சுருக்கமாகத்தான் பேசுகிறாள். அவ்வளவோடு கதை முடிந்தது.

அக்கா படித்துவிட்டு, "நல்லாத்தான் வளத்திருக்காரு" என்றாள்.

அத்தான் அதன்பின் ஒரு வரி எழுதவில்லை. நான் ஞாயிறுதோறும் போனேன். கொண்டுபோக ஒரு சேதியும் இல்லை, கொண்டுவரவும் இல்லை. இருவரும் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்போம். சாவிக் கடைக்காரர், "மேல இப்பல்லாம் சத்தமே இல்லையே, உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்று கேட்டார்.

கடைசி இதழுக்கு அடுத்த மாதம், வழக்கமாக இதழ் வருகிற வாரம். நான் சாப்பிட உட்கார்ந்தேன். அக்கா சோற்றை வைத்துவிட்டு மேஜையைப் பார்த்தாள், என் பையைப் பார்த்தாள். "புத்தகம் எங்கடா?" என்றாள். சொல்லி முடித்ததும் அவளுக்கே தெரிந்துவிட்டது. கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். என்னால் அவளைப் பார்க்க முடியவில்லை.

பிறகு கையைக் கழுவினாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். "அவரைப் பாத்துட்டு வர்றேன்" என்றாள். நான் கூட வரட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

சாயங்காலம் திரும்பி வந்தாள். முகம் வீங்கி, மூக்கெல்லாம் சிவந்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். முழுவதையும் குடித்தாள்.

"என்னக்கா பேசினீங்க?"

"ஒண்ணும் பேசல. அழுதோம்" என்றாள். "ஆஸ்பத்திரியில அழல இல்ல, அதான்."